நான்கு எழுத்துகள்: பால் க்ளீசனும் 1990 டூட் தீயும்

பால் க்ளீசன் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் அமெரிக்காவில் காட்டுத்தீ அணைத்தவர், 2003 பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்துபோனார், அந்தத் துறைக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்த நாட்டில் காட்டுத்தீ வேலைக்குப் புதிதாகச் சேரும் பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ முதல் பயிற்சியிலேயே மனப்பாடம் செய்யும் நான்கு எழுத்துகள் இருக்கின்றன: எல், சி, இ, எஸ். அவை க்ளீசன் கொடுத்தவை. அவற்றை அவர் எழுதவைத்தது 1990 ஜூன் 26 அன்று அரிசோனாவில் ஆறு பேர் இறந்த டூட் தீ. அந்த ஒரு நாளை மையமாக வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாளைப் புரிந்துகொண்டால்தான் இந்த மனுஷனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று புரியும்.

நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சியில் இருப்பவன், காட்டுத்தீக்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் இடங்களில் நிறைய நாள் நின்றிருக்கிறேன், அதனால்தான் க்ளீசன் எனக்கு முக்கியமாகப் படுகிறார்.

ஆள் யார்

1946-இல் பிறந்தவர். 1964-இல், பதினெட்டு வயதில், தெற்குக் கலிஃபோர்னியாவின் ஏஞ்சலஸ் தேசியக் காட்டில் தீயணைப்புக் குழு ஒன்றில் சேர்ந்தார். நடுவில் ராணுவம், அப்புறம் கல்லூரி, கணிதத்தில் பட்டம். 1970களின் நடுவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒகனாகன் காட்டில் மறுபடியும் தீ வேலை. 1977-இல் ஓரிகனில் மவுண்ட் ஹூட் தேசியக் காட்டைச் சேர்ந்த ஜிக்ஜாக் ஹாட்ஷாட் குழுவுக்குத் துணைத் தலைவராக வந்தார், 1979-இல் தலைவரானார், 1992 வரை அதே பொறுப்பில் இருந்தார். பாறை ஏறுவதில் பெரிய பைத்தியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹாட்ஷாட் என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிவப்பு வண்டியும் தண்ணீர்க் குழாயும்தான் மனதில் வரும். சுமார் இருபது பேர் கொண்ட குழு. கையில் கோடரியும் கொத்தும் ஒரே தலையில் சேர்ந்த புலாஸ்கி, மண்வாரி, மரம் அறுக்கும் இயந்திரம். தண்ணீர் கிடைக்காத மலைச்சரிவில் நடந்து ஏறி, தீ வருவதற்கு முன்னால் புதரையும் சருகையும் வெட்டி எடுத்து, வெறும் மண் தெரியும்படி ஒரு நீண்ட கோடு இழுப்பார்கள். தீத்தடுப்புக் கோடு என்று நம்மூர் வனத்துறையும் சொல்லும். எரிய ஒன்றும் இல்லாத இடத்தில் தீ நிற்கும், கணக்கு அவ்வளவுதான். சில நேரம் கோட்டுக்கும் தீக்கும் நடுவில் இருப்பதை அவர்களே கொளுத்திவிடுவார்கள், வரும் தீக்குத் தின்ன எதுவும் மிஞ்சாமல் போக. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த வேலை முழுவதையும் தீக்குப் பக்கத்தில், பெரும்பாலும் தீயைக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், குனிந்த தலையோடு செய்ய வேண்டும். எல்லாக் கதையும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

க்ளீசன் வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தபோது, 1966 நவம்பர் 1 அன்று, அதே ஏஞ்சலஸ் காட்டில் லூப் தீ. எல் கரிஸோ ஹாட்ஷாட் குழுவினர் புதர் மண்டிய ஒரு செங்குத்தான ஓடைப் பிளவில் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து தீ அந்தப் பிளவுக்குள் புகுந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் பிளவின் மேல் முனை வரை ஓடிவிட்டது. 12 பேர் இறந்தார்கள். இறந்தவர்களும் அவர் வயதுக்காரர்கள், அவர் செய்த அதே வேலையைச் செய்தவர்கள். இளம் வயதில் இப்படி ஒன்றைப் பக்கத்தில் பார்த்தவர்கள் வேலையை விட்டுப் போவதும் உண்டு. இவர் தங்கினார்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை

டூட் தீக்கு வருமுன் ஒரு விஷயம். 1990-இல் அமெரிக்கக் காட்டுத்தீத் துறையில் பாதுகாப்பு விதிகள் இல்லாமல் இல்லை, தாராளமாக இருந்தன. 1956-இல் கலிஃபோர்னியாவில் இனஹா தீயில் 11 பேர் இறந்தபிறகு, 1957-இல் ஒரு குழு உட்கார்ந்து பழைய மரணங்களை எல்லாம் ஆராய்ந்து, பத்து நிலையான கட்டளைகளை எழுதியது. அதற்கப்புறம் ‘எச்சரிக்கையாக இரு’ என்று சொல்லும் சூழ்நிலைகளின் பட்டியல் ஒன்று வந்தது, முதலில் 13, 1980களில் 18 ஆனது. ஆகமொத்தம் 28. ஒவ்வொன்றும் நியாயமானது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிணங்கள் இருக்கின்றன.

ஆனால் புகைக்குள் நிற்பவனுக்கு 28 ஓடுமா? ஒரு தொழிற்சாலையில் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு விதிகளை ஒரே பலகையில் அழகாக எழுதி வைத்திருந்தார்கள், அதன் கீழே நின்றுகொண்டிருந்த ஷிப்ட் ஆட்களிடம் ஏதாவது மூன்று சொல்லுங்கள் என்றேன், ஒருவரும் இரண்டைத் தாண்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகை எழுதியவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினார் என்றே தோன்றியது.

இன்னொன்றும் உண்டு, இது கொஞ்சம் கசப்பானது. இந்தப் பத்தும் பதினெட்டும் நடைமுறையில் அதிகம் பயன்பட்டது விபத்துக்குப் பிறகுதான். விசாரணைக் குழு வரும், பட்டியலை எடுக்கும், செத்தவர்கள் எதையெதை மீறினார்கள் என்று டிக் அடிக்கும். செத்தவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. துறைக்குள்ளேயே இதைப் பற்றிய சண்டை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

ஜூன் 26

1990 ஜூன் 25 அன்று அரிசோனாவில் மொகயான் விளிம்பு என்ற நீண்ட மலைச் செங்குத்தின் அடியில், பேசன் என்ற ஊருக்கு வடகிழக்கே, டான்டோ தேசியக் காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. வறட்சி ஆண்டு. மறுநாள், அதாவது ஜூன் 26 அன்று, அந்த மாநிலத்தின் தலைநகரான ஃபீனிக்ஸில் வெப்பம் 122 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 50 செல்சியஸ். அந்நகரில் அதுவரை பதிவான வெப்பத்தில் அதுதான் உச்சம், விமானங்களைக்கூடக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். மலைப்பகுதி அவ்வளவு சூடு இல்லை, ஆனால் சருகும் புதரும் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று யூகிக்க இந்த எண் போதும்.

தீக்கு எதிரே போனிட்டா க்ரீக் என்ற குடியிருப்பு. வீடுகளைக் காப்பாற்ற வேண்டும். அதற்காக வாக் மூர் என்ற பள்ளத்தாக்கு வழியாக புல்டோசரால் ஒரு கோடு போட்டு, அதைக் கைவேலையால் சீர்செய்ய வரிசையாகக் குழுக்களை நிறுத்தினார்கள். மேலே, வீடுகளுக்குப் பக்கத்தில், ஹாட்ஷாட் குழுக்கள். கீழ்ப்பகுதியில் இருந்த குழுக்களில் ஒன்று பெரிவில் சிறைக் குழு: கைதிகளும், அவர்களோடு வந்த சிறைத்துறை ஊழியர்களும். அமெரிக்காவில் சிறைக் கைதிகளைக் காட்டுத்தீ வேலைக்கு அனுப்புவது பழைய வழக்கம், அதன் நியாய அநியாயம் தனிக் கட்டுரைக்கான விஷயம். அந்த நேரத்தில்தான் தீயின் நிர்வாகப் பொறுப்பும் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு பெரிய குழுவுக்கு மாறிக்கொண்டிருந்தது. கைமாறும் நேரம் எந்த வேலையிலும் கெட்ட நேரம், ஷிப்ட் மாற்றத்தில் நடந்த விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் நடந்ததைப் புரிந்துகொள்ள புகைத்தூணைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பெரிய தீயின் சூடு காற்றை மேலே தள்ளுகிறது, பல ஆயிரம் அடி உயரத்துக்குப் புகை எழும்புகிறது, அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது, இடிமேகம் போலவே வளர்கிறது. அது வளர்ந்துகொண்டிருக்கும்வரை சுற்றியுள்ள காற்றைத் தன் பக்கம் இழுக்கும், ஆகவே கீழே நிற்பவர்களுக்குத் தீ கட்டுக்குள் இருப்பது போலவே தெரியும். ஒரு கட்டத்தில் மேகத்திலிருந்து மழை இறங்கத் தொடங்குகிறது. அந்த மழைத்துளிகள் வறண்ட காற்றில் விழுகிறபோதே ஆவியாகி, காற்றைக் குளிரவைத்து, கனமாக்கிவிடுகின்றன. கனத்த காற்று அப்படியே பொத்தென்று தரையில் விழுந்து எல்லாத் திசையிலும் சிதறி ஓடும். மலைப்பகுதியில் அது ஓட எளிதான வழி பள்ளத்தாக்கு. பகலில் தீ மேல்நோக்கித்தான் ஏறும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அந்த மதியம் தீ மலையிலிருந்து கீழே ஓடிவந்தது.

அதற்குச் சற்று முன் காற்று அசையாமல் நின்றது, சில மழைத்துளிகள் விழுந்தன என்று பதிவாகியிருக்கிறது. அப்படிக் கொளுத்தும் நாளில் மழைத்துளி விழுந்தால் யாருக்கும் நிம்மதியாகத்தானே இருக்கும். அதுதான் எச்சரிக்கை என்பது இன்று பாடத்தில் இருக்கிறது.

மேலே இருந்த குழுக்கள் வீடுகள் இருந்த பக்கம் ஏறித் தப்பின. பெரிவில் குழு பள்ளத்தாக்கு வழியாகக் கீழே, சாலையை நோக்கி ஓடியது. முன்னால் ஓடியவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பின்னால் வந்த 11 பேரைத் தீ குறுக்கே புகுந்து வெட்டிவிட்டது. அவர்கள் தீக்கவச உறைகளை விரித்து உள்ளே படுத்தார்கள். அலுமினியத் தகடும் கண்ணாடியிழையும் ஒட்டிச் செய்த சின்னக் கூடாரம் அது, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். ஆனால் தீ நேராக மேலே வந்து படிந்தால் அதனால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஐந்து கைதிகளும் ஒரு சிறைத்துறைப் பெண் ஊழியரும் இறந்தார்கள். மொத்தத்தில் அந்தத் தீ சுமார் 24,000 ஏக்கரை எரித்தது, அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின.

ஜிக்ஜாக் குழுவோடு க்ளீசன் அன்று அதே பள்ளத்தாக்கில்தான் இருந்தார். தன் ஆட்களைத் திருப்பிக் கொண்டுபோகும் நேரத்தில், எரிந்த உடம்போடு பள்ளத்தாக்கிலிருந்து நடந்துவந்த ஒருவருக்கு உதவியவர்களில் அவரும் ஒருவர். கூட இருந்தவர்கள் காயம்பட்டவரைக் கவனிக்கிற நேரத்திலும் யாராவது ஒருவர் நிமிர்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு உயிர் துடித்துக்கொண்டிருக்கிறபோது அதிலிருந்து கண்ணை எடுத்து மலையைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்கு கேள்விகள்

மறு ஆண்டு, 1991-இல், வனத்துறையின் தீ மேலாண்மை இதழில் க்ளீசன் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். இருபத்தெட்டோடு இன்னொன்றைச் சேர்த்து இருபத்தொன்பது ஆக்குவதுதான் அந்தச் சூழலில் எல்லோரும் செய்வது. விபத்து நடந்தால் விதி கூடும், அலுவலகங்களின் இயல்பு அது. க்ளீசன் எதிர்த் திசையில் போனார். எல்லாவற்றையும் நான்காகச் சுருக்கினார், அதுவும் வேலையைத் தொடங்குமுன் பதில் இருந்தாக வேண்டிய நான்காக.

எல் என்பது லுக்அவுட், தீயைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆள். சி என்பது கம்யூனிகேஷன், அவர் பார்த்ததை வெட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்லும் வழி. இ என்பது எஸ்கேப் ரூட், தப்பி ஓடும் பாதை. எஸ் என்பது சேஃப்டி ஸோன், ஓடிப்போய் நின்றால் உறை எதுவும் விரிக்காமலே உயிர் பிழைக்கும் இடம். தனித்தனியாகப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றுமே இல்லை, பத்துக் கட்டளைகளுக்குள் எல்லாம் ஏற்கெனவே இருந்தவைதான்.

புதுமை, நான்கையும் ஒரே சங்கிலியாக அவர் கோத்த விதத்தில். பார்ப்பவர் இருக்கிறார், ரேடியோ இல்லை என்றால் பார்ப்பவர் வீண். ரேடியோ இருக்கிறது, ஓட வழி தெரியாது என்றால் கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். வழி இருக்கிறது, அது முடியும் இடம் பாதுகாப்பானதில்லை என்றால் வேறு இடத்தில் சாகலாம். ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் போச்சு. கணிதம் படித்தவர் என்பதை நான் சும்மா மேலே சொல்லவில்லை. இதன் அடியில் இருப்பது ஒரே ஒரு நேரக் கணக்கு: தீ உங்களை வந்தடைய ஆகும் நேரம், நீங்கள் பாதுகாப்பான இடத்தை அடைய ஆகும் நேரம், இரண்டில் எது சின்னது? முதலாவது எப்போதும் பெரியதாக இருக்கவேண்டும். பார்ப்பவரும் ரேடியோவும் முதல் எண்ணைச் சொல்கிறார்கள், பாதையும் இடமும் இரண்டாவதைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கின் கொடூரமான பகுதி, அது நிலையாக நிற்காது என்பது. காலையில் கோடு தொடங்கிய இடத்திலிருந்து சாலை ஐந்து நிமிடம். நன்றாக வேலை செய்து முன்னேறுகிறீர்கள், மதியம் அதே சாலை இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறது. ஆட்கள் களைத்திருக்கிறார்கள், சரிவு கூடியிருக்கிறது, தீயும் சும்மா இருக்கவில்லை. நன்றாக வேலை செய்வதே உங்களை ஆபத்துக்குள் கொண்டுபோகிறது. ஆகவே காலையில் ஒருமுறை சொல்லிவிட்டு மறப்பதில்லை இது, நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட தப்பும் வழி வைத்திருக்கவேண்டும். ஒரு வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பள்ளத்தாக்கு காட்டிவிட்டது.

இந்த நான்கையும் ஜூன் 26 மதியத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கின் அடியில் மரத்துக்கும் புகைக்கும் நடுவே நிற்பவரால் தலைக்குமேல் புகைத்தூண் என்ன செய்கிறது என்று பார்க்க முடியாது, அவருக்காக வேறு யாராவது பார்த்தாக வேண்டும். நிர்வாகம் கைமாறும் நேரம், பல ஊரிலிருந்து வந்த குழுக்கள், எச்சரிக்கை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஓடிய பாதையைத் தீயே வந்து மறித்துவிட்டது. சாலை இருந்தது, பின்னால் நின்றவர்களுக்கு அது தூரம். ஒவ்வொருவரின் தவறையும் நோண்டாமலேயே, ஏன் நடந்தது என்று இந்த நான்கு கேள்வியால் சொல்லிவிட முடிகிறது. அதைவிட முக்கியம், அன்று காலை பத்து மணிக்கே இவற்றைக் கேட்டிருக்க முடியும்.

ஒரு நல்ல ஆசானின் அடையாளம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. 28 விதிகளை வைத்து ஒரு புதுப் பையன் தன் தலைவரிடம் எதையும் கேட்க முடியாது, அவர் பதிலுக்கு இருபத்தொன்பதாவதைச் சொல்லி அடக்கிவிடுவார். ஆனால் ‘நமக்காக யார் பார்க்கிறார்கள்? எந்த சானல்? எப்படிப் போவது? எங்கே போவது?’ என்று கேட்க யாருக்கும் அனுபவம் தேவையில்லை. பதில் இல்லாவிட்டால் எல்லோருக்கும் முன்னால் அது தெரிந்துவிடும். நம்மூரில் மூத்தவரிடம் கேள்வி கேட்பதே எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளப்படும், அங்கேயும் சில குழுக்களில் அதிகம் வித்தியாசமில்லை. முப்பதாண்டு அனுபவத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பெரிய மனுஷனாக இருப்பதுதான் பலர் செய்வது. இவர் அதைக் கடைசி வரிசையில் நிற்பவனின் வாயில் கேள்வியாக வைத்துவிட்டார்.

எழுத்துகள் காப்பாற்றவில்லையே

சரி, இதற்குப்பிறகு சாவு நின்றதா? நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழஞ்சலி ஆகிவிடும்.

1994 ஜூலை 6, கொலராடோவில் சவுத் கேன்யன் தீ, ஸ்டார்ம் கிங் மலை, 14 பேர். பலத்த காற்றோடு குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, வரப்போகிறது என்ற வானிலை எச்சரிக்கை மலைமேல் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தப்பும் வழி செங்குத்தான ஏற்றம், தீ அவர்களைவிட வேகமாக ஏறியது. அதற்கப்புறம் பாதுகாப்பான இடம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டு, குறைந்தது தீச்சுடர் உயரத்தைப்போல 4 மடங்கு இடைவெளி வேண்டும் என்று 1998-இல் வெளியிட்டார்கள். க்ளீசனின் கடைசி எழுத்துக்கு ஒரு எண் கிடைத்தது.

2013 ஜூன் 30, மறுபடியும் அரிசோனா, யார்னெல் ஹில். க்ரானைட் மவுண்டன் ஹாட்ஷாட் குழுவின் 19 பேர். எனக்கு இது மிகவும் உறுத்துவது, ஏனென்றால் டூட் தீயோடு இவ்வளவு பொருத்தம்: அதே மாநிலம், அதே ஜூன் கடைசி, இடிமேகத்திலிருந்து விழுந்து பரவிய காற்று தீயின் திசையைத் திருப்பியது. இந்தக் குழுவில் எல்.சி.இ.எஸ். தெரியாதவர் யாரும் இருந்திருக்க முடியாது. லுக்அவுட் வைத்திருந்தார்கள், அவர் தீ நெருங்கியதும் இடத்தை விட்டு வெளியேறி உயிர்தப்பினார். குழு நின்றிருந்தது ஏற்கெனவே எரிந்துமுடிந்த கருநிலத்தில், அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. அங்கிருந்து ஒரு பண்ணை வீட்டை நோக்கி, எரியாத புதர் நிறைந்த ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் இறங்கினார்கள். தங்களுக்காகப் பார்க்க ஆளில்லாமல், சுமார் அரை மணி நேரம் அவர்களைப் பற்றிய தகவலே வெளியே தெளிவாக இல்லாமல். ஏன் இறங்கினார்கள் என்பதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

ஆக, எழுத்துகளைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, இடம் மாறும் ஒவ்வொரு முறையும் நான்கையும் புதிதாகக் கேட்பது வேறு. க்ளீசன் 1991-லேயே அழுத்திச் சொன்னது இரண்டாவதைத்தான். சுருக்கமான ஒன்றுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு, எளிதில் மனதில் நிற்பது எளிதில் வாய்ப்பாடாகவும் ஆகிவிடும். காலைக் கூட்டத்தில் நான்கு எழுத்தையும் சொல்லி முடித்தாயிற்று, தலையாட்டியாயிற்று, கிளம்பலாம் என்று. இதற்கு க்ளீசனைக் குற்றம் சொல்ல முடியாது என்றாலும், அவர் கண்டுபிடித்தது கவசம் என்று நினைப்பவர்கள் அவரைத் தவறாகப் படிக்கிறார்கள்.

அவர் வாழ்க்கையிலும் சறுக்கல் இருந்தது. ஹாட்ஷாட் வேலைக்குப்பின் கொலராடோவில் வனத்துறைப் பணி, அப்புறம் தேசியப் பூங்காத் துறை. 2000 மே மாதம் நியூ மெக்ஸிகோவின் பாண்டெலியர் தேசிய நினைவிடத்தில், காட்டில் சேர்ந்த சருகையும் புதரையும் குறைக்கப் பூங்காத் துறை திட்டமிட்டு வைத்த தீ கையை மீறிப்போய், செர்ரோ க்ராண்டே தீயாகி, லாஸ் அலமோஸ் ஊருக்குள் புகுந்து 400-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வீடில்லாமல் ஆக்கியது. 40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த எரிப்பைக் கையாண்டவர்களில் க்ளீசனும் ஒருவர். நினைவுக் குறிப்புகளில் இதைத் தவிர்த்துவிடுவது வழக்கம், நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. அந்த நாட்டில் தீயை அவரைவிட ஆழமாகப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அப்படிப்பட்டவர் களத்தில் இருந்தும் தீ தப்பியது. அதற்கப்புறம் அவர் மீதான மரியாதை குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த மரியாதை தோற்காதவர் என்பதற்காக வந்ததாக இருந்திருந்தால் அன்றே போயிருக்கும்.

கடைசி ஆண்டுகள்

ஓய்வுக்குப்பின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் காட்டுத்தீ அறிவியல் பாடம் எடுத்தார். ‘தீயின் மாணவன்’ என்று தன்னையும் மற்றவர்களையும் சொல்லும் வழக்கம் அவரால்தான் அந்தத் துறையில் பரவியது என்பார்கள். நாற்பதாண்டு நெருங்கிய அனுபவத்தோடு வகுப்பில் நிற்பவர் தன்னை மாணவன் என்றால் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! வேறு யார் சொன்னாலும் பணிவுக்காகச் சொல்வதாகத் தோன்றும். 1966-இலும் 1990-இலும் அவர் பார்த்ததைப் பார்த்தவர் சொன்னால் அது வேறு.

2003 பிப்ரவரி 27 அன்று இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன், உடம்பு முடியாத நிலையில், துறையின் தலைமைப் பயிற்சிக்காக ஒரு நீண்ட பேட்டி கொடுத்தார், இன்றும் அதைப் பயிற்சிகளில் வாசிக்கிறார்கள். சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பேச ஒப்புக்கொண்டது இளையவர்கள் எப்படித் தலைமை தாங்கவேண்டும் என்பதைப் பற்றி.

டூட் தீ நடந்த பள்ளத்தாக்கும் ஒரு வகுப்பறை ஆகிவிட்டது. ராணுவத்தில் பழைய போர்க்களங்களுக்கு அதிகாரிகளைக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தும் வழக்கம் உண்டு, அதே முறையில் வாக் மூர் பள்ளத்தாக்குக்குத் தீயணைப்பாளர்களை அழைத்துப் போகிறார்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து, குழுக்கள் நின்ற இடங்களில் நின்று, அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு நீ என்ன முடிவெடுத்திருப்பாய் என்று பேச வேண்டும். பின்னால் வந்த அறிவை வைத்துத் தீர்ப்பு சொல்ல அனுமதியில்லை. விசாரணை அறிக்கையில் டிக் அடிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அவர் இறந்த ஆண்டிலேயே, காட்டுத்தீக்கான தேசிய ஒருங்கிணைப்புக் குழு அவர் பெயரில் முன்மாதிரித் தலைமைக்கான விருது ஒன்றை ஏற்படுத்தியது. மூன்று பிரிவுகள்: வழிகாட்டலும் கூட்டுழைப்பும், ஊக்கமும் தொலைநோக்கும், முன்முயற்சியும் புதுமையும். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைக்கவில்லை, கோட்டில் நின்று வெட்டுகிறவர்களுக்கும் கிடைக்கும். எல்.சி.இ.எஸ். இப்போது ஒவ்வொரு தீயணைப்பாளரின் சட்டைப் பையில் இருக்கும் சின்னக் கையேட்டில் அச்சாகியிருக்கிறது, பிரிட்டன் போன்ற நாடுகளில் நடுவில் விழிப்புணர்வுக்காக ஒரு ‘ஏ’ சேர்த்து லேசஸ் என்று சொல்கிறார்கள். யாராவது சீக்கிரமே ஆறாவது எழுத்தையும் சேர்க்கப் பார்ப்பார்கள், அலுவலகங்களை எனக்குத் தெரியும்.